அறிவிப்புப் பக்கத்தின் இரண்டாவது பெயர்

உங்கள் கைபேசியில் நீங்கள் ஒருநாளும் திறக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய், ‘போனைப் பற்றி’ என்ற இடத்தைத் தொட்டு, அதற்குள் சட்டத் தகவலைத் தேடினால், ‘திறமூல உரிமங்கள்’ என்று ஒரு வரி வரும். அதைத் திறந்தால் தள்ளத் தள்ளத் தீராத நீளத்துக்குப் பெயர்கள். யார் யாரோ எழுதி, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டுப் போன மென்பொருள் துண்டுகள் அவை. ஒவ்வொன்றுக்கும் மேலே எழுதியவர் பெயர், ஆண்டு, அவர் விதித்த நிபந்தனை. பெரும்பாலும் ஒரே நிபந்தனைதான்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கூடக் கொள், ஆனால் என் பெயர் உள்ள இந்த வரியை மட்டும் நீக்காதே. அந்த வரிகள் நீங்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. என் கைபேசியில் உள்ள பெயர்களை ஒருநாள் எண்ணினேன். அறுநூற்று நாற்பத்தொன்று. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினால் அறுநூற்று முப்பத்தொன்பது. அந்த இரண்டு பேர் எங்கே போனார்கள் என்ற கவலையில் சாப்பாடு இறங்கவில்லை. இதைச் சொல்லி அங்கலாய்க்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் சொன்னேன். “அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய போய் நாலு பேரோட பேசுங்கப்பா” என்றாள். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். அதில் ஐந்து பூட்டிக்கிடக்கின்றன. மூன்றில் இருப்பவர்கள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் மாடிப்படி ஏறுகிறார்கள். மீதி வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டால் தண்ணீர் லாரி பற்றி மட்டும் பேசுவார்கள். நாலு பேருக்கு எங்கே போவது?

போன மாதம் பழைய அலுவலகத்து இளையவர்கள் தி. நகரில் ஓர் ஓட்டலுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். இப்போது அந்த அறிவிப்புப் பட்டியலை ஒரு கருவியே தயாரித்துவிடுகிறதாம். “ஒரு பட்டன் சார். காபி ஆறுறதுக்குள்ள லிஸ்ட் வந்துரும்” என்றார்கள். நல்லது. அந்தக் கருவிக்குக் கண் வலிக்காது. ஆனால் கருவி கோப்பில் எழுதியிருப்பதைத்தான் படிக்கும். எழுதியது யார் என்று போய்க் கேட்காது. இதை நான் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. தட்டு வந்துவிட்டது. எழுந்து வரும்போது ஒரு பெண் மட்டும், “எங்க நியூஸ்லெட்டருக்கு எழுதிக் குடுங்க சார்” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

படித்தது ஆங்கில இலக்கியம். முதலில் ராயப்பேட்டையில் சட்டப் புத்தகங்கள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். அச்சகம் மூடியதும், அண்ணா சாலையில் நந்தனம் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையேடு எழுத ஆள் தேடியது. கணினி எனக்குத் தெரியாது; காற்புள்ளி தெரியும். சேர்த்துக்கொண்டார்கள். கையேடு எழுதுபவன் மெல்ல மெல்லக் கையேட்டின் கடைசியில் உரிம அறிவிப்புகள் வரும் பக்கங்களுக்குப் பொறுப்பாளி ஆனேன். மற்றவர்களுக்கு அந்தப் பக்கங்கள் வேண்டாம். அதனால் என்னிடம் வந்தன.

அங்கே சட்டப் பிரிவுக்குத் தலைவர் வசந்தா மேடம். மயிலாப்பூர்க்காரர். யார் எந்தக் கேள்வியைக் கொண்டு போனாலும் அவரிடமிருந்து முதலில் வருவது ஒரே சொல்தான்: “எந்த வரி?” வரியைக் காட்டாமல் பேசினால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். காட்டினால் அதன் மேல் சுட்டுவிரலை வைத்துக்கொள்வார். பேச்சு முடியும் வரை விரல் நகராது. அறிவிப்புகளை வாய்விட்டுப் படிப்பார், வகுப்பில் வருகை எடுப்பதுபோல. வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களையும் விடாமல் எழுத்துக்கூட்டுவார். அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி. “முதல் பக்கத்துல எல்லார் கண்ணும் நன்னாத்தான் இருக்கும் சார். கடைசில இருக்கறவாளைத்தான் விட்டுடுவோம்” என்பார்.

அவர் வகுத்த முறை இது. மென்பொருளின் ஒவ்வொரு கோப்புறையையும் திறக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியையும் படிக்க வேண்டும். பதிப்புரிமை வரி இருந்தால் அப்படியே பெயர்த்தெழுத வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தக் கூடாது. ஆண்டு தவறாக இருந்தாலும் தொடக்கூடாது. அச்சகத்தில் பிழையைக் கண்டால் பேனா எடுத்தவனுக்கு இது எத்தனை கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே மனிதர் மூன்று கோப்புகளில் மூன்று விதமாகப் பெயர் எழுதியிருந்தால் மூன்றும் வர வேண்டும். “அவா பேரை அவா எப்படி எழுதினாளோ அப்படி. நாம யாரு சார், பேர் வைக்கறதுக்கு?” என்பார். முறைப்படி செய்து முடித்தால், கையேட்டைவிட அறிவிப்புப் பகுதி தடியாக இருக்கும். அச்சடிப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருமுறை காகிதம் மிச்சம் என்று யாரோ கடைசிப் பதினாறு பக்கங்களை விட்டுவிட்டு அச்சடித்துப் பெட்டியில் போட்டு ஒட்டியும் விட்டார்கள். வசந்தா மேடம் கிடங்குக்கே வந்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, எல்லாப் பெட்டிகளையும் பிரிக்க வைத்தார். கோபப்படவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் மறுபடி ஒட்டுமுன் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

நிபந்தனைகளில் வேடிக்கையும் உண்டு. ஒருவர் தன் நிரலின் மேல், இதைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் ஊர்ப் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். விளையாட்டு என்று நான் விட்டுவிடப் பார்த்தேன். “நிபந்தனைன்னா நிபந்தனைதான்” என்று மேடம் தெப்பக்குளம் படம் போட்ட அட்டை ஒன்றை வாங்கி வந்து என்னிடம் எழுதச் சொன்னார். அயல்நாட்டு விலாசம். ‘உங்கள் நிரல் எங்களிடம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. பதில் போட வேண்டும் என்று அந்த உரிமத்தில் சொல்லவில்லைதான். ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வரவேற்பறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் கையேட்டுக்கு வருகிறேன்.

மருந்துக் கடைகளில் இருப்புக் கணக்கு வைக்க ஒரு திறமூல மென்பொருள் இருந்தது. சின்னக் கடைகள் பல அதை வைத்துக்கொண்டிருந்தன. எழுதியவர் சேவியர் என்பவர். பட்டினப்பாக்கத்துக்காரர். அதோடு தமிழில் பன்னிரண்டு அத்தியாயங்களில் ஒரு கையேடும் இருந்தது. அப்படி ஒரு கையேட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. கல்லாவில் நிற்கும் ஆளோடு பக்கத்தில் நின்று பேசுவதுபோல எழுதியிருந்தது. அதன் முதல் பக்கத்தில் பதிப்புரிமை வரியில் இரண்டு பெயர்கள்: சேவியர், ஃப்ளோரா. கீழே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். இந்த அறிவிப்பு எல்லாப் படிகளிலும், கணிசமான பகுதி எதை எடுத்தாலும் அதிலும், இருக்க வேண்டும் என்ற வழக்கமான உரிமம்.

எங்கள் நிறுவனம் அந்த மென்பொருளை மேம்படுத்தி, ஊரெங்கும் கிளைகள் உள்ள ஒரு மருந்துக் கடைக்காரருக்குத் தர ஒப்புக்கொண்டது. சேவியரையே ஆலோசகராக அழைத்துக்கொண்டோம். அவர் வந்ததும் வைத்த முதல் கோரிக்கை, கையேட்டில் இரண்டாவது பெயரை எடுக்க வேண்டும் என்பது.

கூட்டத்தில் நாங்கள் நான்கு பேர். சேவியர், வசந்தா மேடம், நான், அந்தப் பணிக்கு மேலாளரான கார்த்திக் என்ற இளைஞர்.

“எந்த வரி?” என்றார் மேடம். சேவியர் காட்டினார். விரல் போய் உட்கார்ந்தது.

“அது என் வொய்ஃப் மேடம். இப்ப வொய்ஃப் இல்ல. பிரிஞ்சிட்டோம். அன்னிக்கு ஏதோ ஆசைல பேரைப் போட்டுட்டேன். அவ டைப் பண்ணா, அவ்ளோதான். நீங்க வேணா மாற்ற வரலாறு பாருங்க, எல்லாமே என் பேர்லதான் இருக்கும்.”

பார்த்தோம். எந்தத் திருத்தத்தை யார் எப்போது செய்தார் என்று கணினி தானாகப் பதிந்து வைக்கும் வரலாறு அது. உண்மைதான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சேவியரின் கணக்கு.

“பாத்தீங்களா சார்?” என்று கார்த்திக் என் பக்கம் திரும்பினார். “எடுத்துரலாம். அந்தப் பக்கத்த யாரு சார் படிக்கப் போறாங்க?”

“நான் படிப்பேன்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மேடம் சேவியரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆத்துல எத்தனை கம்ப்யூட்டர் இருந்தது?”

“ஒண்ணுதான் மேடம்.”

“எத்தனை பேர் அதுல உக்காருவேள்?”

சேவியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேஸ் இணைப்பும் மின்சார அட்டையும் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதுபோலத்தான் கணினியும். ஃப்ளோராவும் அவர் பெயரில் நுழைந்து, அவர் பெயரில் எழுதி, அவர் பெயரில் சேமித்திருக்கிறாள். தனக்கென்று ஒரு கணக்குத் திறக்க வேண்டும் என்று வீட்டுக்குள் யாருக்குத் தோன்றும்? அவளும் எழுதினாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதிப்புரிமை வரி. அதை இட்டவரே இப்போது எடுக்கச் சொல்கிறார்.

“அந்தம்மா தன் பங்கை உங்களுக்கு விட்டுத்தரேன்னு கையெழுத்துப் போட்டா எடுக்கலாம்” என்று மேடம் விரலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “சபாபதி சார், நீங்க போய்க் கேளுங்கோ.”

ராயப்பேட்டையில் அரசு மருத்துவமனை எதிரே வரிசையாக மருந்துக் கடைகள். அதில் ஒன்றில் ஃப்ளோரா நின்றிருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கல்லாவுக்கு முன் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவதாக நான் காகிதத்தை நீட்டினேன்.

“இன்னா சார் இது, டாக்டர் எழுத்து மாதிரி இல்லியே?” என்று வாங்கிப் படித்தார். படித்ததும் முகம் மாறியது. “சேவியர் அனுப்புனாரா?”

“கம்பெனியிலிருந்து வருகிறேன் அம்மா.”

“கம்பெனிக்கு என் பேரு இன்னா சார் பண்ணுச்சு? ஒரு ஓரமா கீது. அதுபாட்டுக்கு இருக்கட்டுமே.” ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசினார். “பேரப் போடுன்னு நான் கேக்கல சார். அவரேதான் போட்டாரு. அன்னிக்கி கேக்கு வாங்கியாந்து வெட்னோம். எங்கம்மா லைட் ஹவுஸாண்ட மீன் வித்துக்கினு இருந்தவங்க, அவங்களக் கூப்ட்டு ஸ்க்ரீன்ல என் பேரக் காட்டுனாரு. கோர்ட்டுல எல்லாத்தியும் பிரிச்சிக்கினோம். பீரோ அவருக்கு, கட்டில் எனக்கு. இத மட்டும் யாரும் பிரிக்கல.”

“அவர் நீங்கள் தட்டச்சு மட்டும்தான் செய்தீர்கள் என்கிறார்.”

“அவரு ஒருநாளாச்சும் மருந்துக் கடைல நின்னுருக்காரா, கேளுங்க. நான் ஃபார்மஸி படிச்சவ சார்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அடையார்ல ஒரு ஆஸ்பத்திரில ஃபார்மஸி இன்சார்ஜ் வேலைக்குப் போட்டிருக்கேன். கல்யாணத்துக்கு அப்றம் ஒம்போது வருஷம் இன்னா பண்ணீங்கன்னு கேப்பாங்க. வூட்ல இருந்தேன்னா சொல்றது? இந்தப் பக்கத்தத் தொறந்து காட்டுவேன். காட்றதுக்கு என்கிட்ட வேற இன்னா கீது, சொல்லு சார்?”

கையெழுத்து இல்லாத காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் யாரோ, “யக்கா, நாங்க நிக்கிறது தெர்தா?” என்றார்கள்.

அலுவலகத்தில் கார்த்திக் வழி கண்டுபிடித்தார். பெயரை எடுக்க முடியாவிட்டால், அந்த அம்மாள் எழுதியதை எடுத்துவிட்டு வேறு எழுதிக்கொள்வது. அவர் எழுத்து ஒரு துண்டும் இல்லாத கையேட்டில் அவர் பெயர் இருக்கத் தேவையில்லை. சட்டப்படி அது சரி. மேடமும் மறுக்கவில்லை. கையேட்டைச் சேவியர் முன் தள்ளினார். “எதையெல்லாம் மாத்தணும்னு டிக் பண்ணுங்கோ.”

சேவியர் விறுவிறுவென்று அடையாளமிட்டார். ஒன்று, இரண்டு என்று நான் மனத்துக்குள் எண்ணினேன். ஏழு அத்தியாயம்.

மேடம் அதை வாங்கி, விரலை வைத்தார். “பன்னண்டுல ஏழு. டைப் மட்டும்தான் பண்ணான்னேளே?”

சேவியர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. “அவளுக்கு மருந்து தெரியும் மேடம். எனக்கு கோடிங் தெரியும்” என்றார். அவ்வளவு நேரத்தில் அவர் மெதுவாகச் சொன்னது அது ஒன்றுதான். ஆனால் கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்று கார்த்திக் பிறகு சொன்னார்.

ஏழு அத்தியாயங்களும் என் மேசைக்கு வந்தன. விதி இதுதான்: செய்திக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, சொன்ன விதத்துக்குத்தான் சொந்தக்காரர் உண்டு. எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளலாம். அதை அவர் சொன்னபடி சொல்லக்கூடாது. அவர் கையேட்டைப் படிப்பேன், மூடி வைப்பேன், மென்பொருளைத் திறந்து நானே செய்து பார்ப்பேன், பிறகு எழுதுவேன். முதல் ஆறு அத்தியாயங்களும் சிக்கலில்லாமல் வந்தன. அவர் எழுதியதில் இருந்த உயிர் என்னுடையதில் இல்லை. ஆனால் தவறும் இல்லை. என் வாழ்நாளில் தொடர்ச்சியாக நான் எழுதியது அதுதான் அதிகம். யாரிடமாவது படித்துக் காட்டலாம் என்று தோன்றியது. பக்கத்து மேசைப் பையன்கள் காதில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி. முழு அட்டையாக இல்லாமல் நான்கு மாத்திரை, ஐந்து மாத்திரை என்று வெட்டி விற்கிறார்கள் அல்லவா? அதைக் கணக்கில் ஏற்றுவது பற்றியது. ஃப்ளோரா இப்படி எழுதியிருந்தார்:

‘கத்தரிக்கோலை வைக்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காலாவதித் தேதி எந்த ஓரத்தில் இருக்கிறதோ, அந்த ஓரம் உங்களிடம் இருக்கட்டும். மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். வாங்குபவருக்குத் தேதியை பில்லில் அடித்துக் கொடுங்கள். அவர் இரண்டு நாளில் விழுங்கிவிடுவார். மிச்சம் உங்கள் டப்பாவில் எத்தனை மாதம் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியாது. தேதி இல்லாத துண்டைக் கணினியில் ஏற்றாதீர்கள். அது மருந்து இல்லை.’

என் முதல் முயற்சி: ‘அட்டைகளைப் பிரித்து விற்கும்போது, காலாவதித் தேதி அச்சிடப்பட்ட பகுதி விற்பனை நிலையத்தில் தக்கவைத்துக்கொள்ளப்பட வேண்டும்.’ சுவரில் ஒட்டும் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. இரண்டாவது முயற்சி சுருக்கமாக இருந்தது. ஏன் என்பது விட்டுப்போயிற்று. ஏனென்று சேர்த்தால் அவர் சொன்னதாகவே ஆகிவிட்டது. பதினான்கு முறை எழுதினேன். எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். என்னுடையதைப் படித்துவிட்டு, “கரெக்ட்டு சார்” என்று தலையாட்டினார். ஃப்ளோராவினுடையதைப் படித்தவர், ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய், வெட்டி வைத்த துண்டுகள் கிடந்த டப்பாவை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். என்னை மறந்தே போனார்.

“அந்தப் பத்தியையே தூக்கிருங்க சார்” என்றார் கார்த்திக். தூக்கலாம். தூக்கினால் தேதியில்லாத துண்டுகள் எத்தனை கிளைகளில் எத்தனை டப்பாக்களில் சேரும்? அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்து, முடியாமல் விட்டேன்.

வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மறுபடி ராயப்பேட்டைக்கே போனேன்.

மத்தியான நேரம், கூட்டமில்லை. ஃப்ளோரா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். “வாங்க சார். மறுபடியும் கையெழுத்தா?”

“இல்லை அம்மா. அந்த அட்டை வெட்டுகிற விஷயம். அதை வேறு மாதிரி எப்படிச் சொல்லலாம்?”

“ஏன், அப்டி சொன்னா இன்னா? புரியலியா?”

“நன்றாகப் புரிகிறது. அதுதான் தொந்தரவு. அது இல்லாமல் வேறு வார்த்தையில் வேண்டும்.”

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கடைக்குள் மருந்து அடுக்கிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “ஏய் ரெஜினா, இங்க வாடி. இந்த சார் என் பேர எடுக்கறதுக்கு என்கிட்டயே ரோசனை கேக்குறாருடி.” ஃப்ளோரா சிரிப்பை நிறுத்திவிட்டு, கோபமில்லாமல், யோசித்துக்கொண்டே சொன்னார்: “சொல்லலாம் சார். நாலு விதமா சொல்லலாம். ஆனா நான் சொன்னா அதுவும் என்னுதுதானே சார்?”

எந்த உரிமத்தைப் புரட்டினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் ‘ஆமாம்’ என்பதுதான்.

மேடத்திடம் போனேன். “எந்த வரி?” என்றார். பத்தியைக் காட்டினேன். வாய்விட்டுப் படித்தார். ‘அது மருந்து இல்லை’ என்று முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதை என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை மேடம்.”

“முடியலையா, மாட்டேங்கறேளா?”

“முடியவில்லை. பதினான்கு தடவை எழுதிப் பார்த்தேன்.” தாள்களை வைத்தேன். பதினான்கையும் படித்தார், கடைசியிலிருந்து. எங்கள் வேலையில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் முழுதாகப் படிப்பது அபூர்வம். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

கார்த்திக் வந்தார். “ஒரே ஒரு பத்தி மேடம். கணிசமான பகுதின்னுதானே உரிமத்துல இருக்கு? ஒரு பத்தி கணிசமா?”

“அதை எடுத்தா கையேடு நொண்டறது. அப்ப அது கணிசம்தான்” என்றார் மேடம். சேவியரையும் கூப்பிட்டு அனுப்பினார். “ரெண்டு பேரும் இருக்கும். இல்லேன்னா இந்தக் கையேடு வேண்டாம், முதல்லேர்ந்து புதுசா ஒண்ணு எழுதிக்கறோம். அதுல உங்க பேரும் இருக்காது. எது சௌகரியம்?” சேவியர் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் என் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேடம் சொன்னார்: “பேர் இருக்கப்போறதுன்னா அவ அத்தியாயமே இருக்கட்டும் சார். அதுதானே நன்னா இருக்கு.” நியாயம்தான். நான் எழுதிய ஏழு அத்தியாயங்களையும் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவை என்னுடையவை அல்ல. சம்பளத்துக்கு எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். நானே அவற்றைக் கணினியிலிருந்து நீக்கினேன். உறுதியாக நீக்கவா என்று கணினி ஏழு தடவை கேட்டது.

அடுத்த மாதம் ஓய்வு பெற்றேன். சால்வை, ஒரு கடிகாரம். மேடம் அன்று ஊரில் இல்லை.

ஓய்வு பெற்றுச் சில வாரங்கள் இருக்கும். காலை நேரம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அடையாறு மருத்துவமனையின் நிர்வாகத்திலிருந்து ஒருவர்.

“சார், ஃப்ளோரான்னு ஒருத்தங்க ஃபார்மஸி இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு வந்திருக்காங்க. ஒரு கையேடு காட்டினாங்க. அதுல ரெண்டு பேர் இருக்கு. வரலாறு பாத்தா எல்லாம் அவங்க ஹஸ்பண்ட் பேர்ல இருக்கு. நான் எழுதினதுதான்னு அவங்க சொல்றாங்க. வேணும்னா உங்களக் கேக்கச் சொன்னாங்க.”

“கேளுங்கள்.”

“தப்பா நெனைக்காதீங்க சார். புக்க முழுக்கப் பாத்துட்டேன். உங்க பேரு எங்கயும் இல்லியே?”

“இருக்காது.”

“அப்புறம் அவங்கதான் எழுதினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவங்க எழுதினதை எல்லாம் எடுத்துட்டு வேற எழுதச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாங்க” என்றேன். “எழுதிப் பாத்தேன். வரலை.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“சரி சார்” என்றார். “எனக்கு இது போதும்.”

அதன் பிறகு எத்தனை நாள் காத்திருந்தேன் என்று சொல்லப்போவதில்லை. ஒருநாள் ஃப்ளோராவே கூப்பிட்டார். பின்னால் மருத்துவமனை ஒலிபெருக்கியில் யாரோ ஒரு டாக்டரை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், சேந்துட்டேன் சார். இன்னியோட ஒரு வாரம். தேங்க்ஸ் சார்.”

“நான் ஒண்ணும் பண்ணலையே அம்மா.”

“அதுக்குத்தான் சார் தேங்க்ஸு” என்று சிரித்தார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். யாரோ சீட்டை நீட்டிக் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. “தோ வரேன், தோ வரேன்” என்ற குரல் என்னை விட்டு விலகிப்போயிற்று. இணைப்பு அறுந்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.